இணையவழி வீட்டுக் கடன்: விண்ணப்பிக்கும் முன் செய்ய வேண்டிய கணக்கு



வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைச் செய்து பார் என்று எமது மூத்தோர் சொல்வார்கள். நாம் வந்து குடியேறிய இந்த நாட்டில், வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே கடனை எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. மேய்ஸ் ஹில் கோயிலுக்கு வரும் குடும்பங்களில் வாடகை வீட்டில் இருப்போர் பலர், வீடு வாங்க எண்ணிய நாளில் முதலில் திறப்பது வங்கியின் கதவை அல்ல, கணினியைத்தான். பிள்ளைகள் உறங்கிய பின் சாப்பாட்டு மேசையில் அமர்ந்து, ஓர் இரவிலேயே படிவத்தை நிரப்பி அனுப்பிவிடலாம். வேலைக்கு விடுப்பு எடுக்க வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் பேசத் தயங்குவோருக்கும் இது வசதிதான்.

ஆயினும் இந்த வசதியில் ஒன்று குறைந்துவிட்டது. முன்னர் வங்கி முகாமையாளர் மேசைக்கு அப்பால் இருந்து, "இந்தத் தவணையைக் கட்ட உங்களால் முடியுமா? ஒருவருக்கு வேலை போனால் என்ன செய்வீர்கள்?" என்று முகம் பார்த்துக் கேட்பார். அவர் எல்லாவற்றையும் சரியாகக் கேட்டார் என்று சொல்ல மாட்டோம். ஆனால் கேட்பதற்கு ஒருவர் இருந்தார். இணையப் படிவம் விடைகளை மட்டுமே பெற்றுக்கொள்ளும். அந்த விடைகள் எமது குடும்பத்துக்குப் பொருந்துமா என்று கேட்கும் பொறுப்பு இப்போது எம்முடையதாகிவிட்டது. அக்கேள்விகளை எப்படிக் கேட்பது என்பதே இப்பாடத்தின் நோக்கம்.

1. ஈடும் ஒற்றியும் தெரிந்தவருக்கு மோட்கேஜ் புதிதல்ல

கடன் பத்திரத்தில் காணப்படும் மோட்கேஜ் என்ற சொல்லைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் நகையை அடைவு வைப்போம், காணியை ஈடு வைப்போம். ஈடு வைத்தவர் தனது காணியிலேயே இருப்பார், வட்டியைக் கட்டுவார், முதலைத் திருப்பிக் கொடுத்து ஈட்டை மீட்பார். ஒற்றி என்பது வேறு. அங்கே கடன் கொடுத்தவர் காணியை எடுத்து, அதன் விளைச்சலை வட்டிக்குப் பதிலாக அனுபவிப்பார். ஒல்லாந்தர் காலத்தில், 1707ஆம் ஆண்டு, கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி தொகுத்த தேசவழமையில் இந்த ஒற்றி பற்றிய விதிகள் உண்டு.

இந்நாட்டு மோட்கேஜ் எமது ஈட்டைப் போன்றது. வீடு எமது பெயரில் இருக்கும், நாமே குடியிருப்போம். ஆனால் காணிப் பதிவேட்டில் வங்கியின் உரிமையும் பதியப்பட்டிருக்கும். தவணை தவறினால் சட்டப்படியான அறிவித்தல்களின் பின் வீட்டை விற்கும் உரிமை வங்கிக்கு உண்டு.

வேறுபாடு ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊரில் காணியின் உரிமைக்கு அடையாளம் உறுதி. றங்குப் பெட்டியின் அடியில் வைத்துக் காத்த அந்த உறுதியை இடப்பெயர்வில் தொலைத்தவர்கள் எம்மில் எத்தனையோ பேர். நியூ சவுத் வேல்ஸில் 1863ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த டொரன்ஸ் முறையின்படி, உரிமையை நிலைநாட்டுவது அரச பதிவேட்டில் உள்ள பதிவே. கையில் இருந்த தாள் அதன் பிரதி போன்றது. 2021 ஒக்டோபர் 11ஆம் திகதி அந்தத் தாள் பத்திரமும் இம்மாநிலத்தில் ஒழிக்கப்பட்டது. இன்று வீடு கைமாறுவதும், ஈடு பதிவதும், ஈடு நீங்குவதும் பெக்ஸா போன்ற இலத்திரனியல் தளங்களில் நிகழ்கின்றன. ஆகவே கடனைக் கட்டி முடித்த பின் வங்கி ஒரு தாள் உறுதியைத் தரும் என்று காத்திருக்க வேண்டாம். ஈடு நீக்கப்பட்டதா என்பதைப் பதிவேட்டில் தேடிப் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

2. கடன் இணையத்துக்கு வந்த வழி

1989ஆம் ஆண்டளவில் இந்நாட்டு வீட்டுக் கடன் வட்டி 17 வீதத்தைத் தொட்டது. அக்காலத்தில் வீடு வாங்கிய மூத்தவர்கள் எம்மிடையே இன்னும் இருக்கிறார்கள், கேட்டால் சொல்வார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓஸி ஹோம் லோன்ஸ் போன்ற வங்கியல்லாத நிறுவனங்கள் வந்து பெரிய வங்கிகளோடு போட்டியிட்டன. பணத்தை வைப்புக்களிலிருந்து பெறாமல், பல வீட்டுக் கடன்களை ஒன்றாகக் கட்டி முதலீட்டாளருக்கு விற்றுப் பெற்றார்கள். கடன் பெற வங்கிக் கிளைதான் வேண்டும் என்ற எண்ணம் அப்போதே தளரத் தொடங்கியது.

1995ஆம் ஆண்டு அட்வான்ஸ் வங்கி இந்நாட்டில் இணைய வங்கிச் சேவையைத் தொடக்கியது. அடிலெய்டில் தோன்றிய டிக்-டொக் ஹோம் லோன்ஸ் என்ற நிறுவனம் 2017இல், முழு விண்ணப்பத்தையும் 22 நிமிடத்தில் முடிக்கலாம் என்று விளம்பரம் செய்தது. பிள்ளைகள் பார்க்கும் காணொளிச் செயலிக்கும் இதற்கும் தொடர்பில்லை. பின்னர் 2019இல் அதீனா வந்தது. 2022இல் கொமன்வெல்த் வங்கியே அன்லோன் என்ற பெயரில் இணையவழிக் கடனைத் தொடங்கியது. இவற்றோடு எல்லாப் பெரிய வங்கிகளும் தமது தளங்களில் விண்ணப்பம் ஏற்கின்றன.

கிளையும் ஊழியரும் குறைவதால் இவர்களிற் சிலர் குறைந்த வட்டி தர முடிகிறது. அதே காரணத்தால், நேரான வழக்குகளையே விரும்புகிறார்கள். மாதச் சம்பளம், ஒரே வேலை, நல்ல முற்பணம் உள்ளவருக்குக் கதவு எளிதில் திறக்கும். சொந்தத் தொழில் செய்வோர், இரண்டு மூன்று இடங்களில் பகுதிநேர வேலை செய்வோர், பிணையாளர் தேவைப்படுவோர் ஆகியோருக்குத் தரகரோ கிளையோ பொருத்தமாகலாம். 2021 ஜனவரி 1 முதல் வீட்டுக் கடன் தரகர்கள் வாடிக்கையாளரின் நலனுக்கு முதலிடம் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். இணையத்தில் நாமே நேராக விண்ணப்பிக்கும்போது அத்தகைய ஒருவர் இடையில் இல்லை என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

3. கணினி எவற்றைப் பார்க்கிறது?

முதலாவது, பெயர். இதனைச் சிறிய விடயம் என்று எண்ண வேண்டாம். எமது மரபில் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்தும் தன் பெயரும் மட்டுமே. இந்நாட்டுப் படிவங்களோ இரண்டு கட்டங்களை நிரப்பச் சொல்கின்றன. ஒருவருக்குக் கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் பின்னால் இருக்கும், சாரதி அனுமதிப்பத்திரத்தில் முன்னால் இருக்கும், மெடிகெயார் அட்டையில் பாதி வெட்டுப்பட்டிருக்கும். அகதியாக வந்தவருக்கு, முதன்முதலில் விசாவைப் பதிந்த அதிகாரி எழுதிய எழுத்துக்களே நிலைத்திருக்கும். முகம் பார்க்கும் ஊழியர் இதை விளங்கிக்கொள்ளக்கூடும். ஆனால் இணையத்தில் அடையாளம் காண்பது, நாம் எழுதும் பெயரை அரச பதிவுகளோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதன் மூலம். ஓர் எழுத்து மாறினால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

எனவே வீடு பார்க்கத் தொடங்கும் முன்னரே எல்லா ஆவணங்களையும் மேசையில் பரப்பிப் பெயரை ஒப்பிட வேண்டும். திருத்தக்கூடியவற்றைத் திருத்த வேண்டும். பெயர் மாற்றப் பத்திரமோ திருமணப் பத்திரமோ இருந்தால் எடுத்து வைக்க வேண்டும். விற்பனை ஒப்பந்தத்திலும் கடன் பத்திரத்திலும் ஒரே பெயர் இருக்கிறதா என்று சட்டத்தரணியிடம் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். வீடு கைமாறும் நாளில் இந்தத் தவறு வெளிப்பட்டால், தாமதத்துக்கான வட்டியை விற்பவர் எம்மிடம் கேட்கக்கூடும்.

இரண்டாவது, வருமானம். சம்பளச் சீட்டு, வரித் திணைக்களத்தின் மதிப்பீட்டு அறிவித்தல், வங்கிக் கணக்கு விபரம் ஆகியவை ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். மேலதிக நேர வேலையையும் இரவு வேலையையும் எல்லோரும் முழுமையாகக் கணக்கில் எடுப்பதில்லை. கையில் காசாகப் பெற்று வரியில் காட்டாத வருமானம் கடன் கணக்கில் வருமானமே அல்ல. வரி அலுவலகத்துக்கு ஒரு தொகையும் வங்கிக்கு இன்னொரு தொகையும் சொல்வது பொய்ச் சான்று ஆகும். கணக்காளரிடம் வந்து "ஒரு கடிதம் மட்டும் தாருங்கள்" என்று கேட்க வேண்டாம்.

மூன்றாவது, செலவு. இங்கேதான் எமது குடும்பங்களின் உண்மைக் கணக்கு மறைந்து போகிறது. ஊரிலுள்ள பெற்றோருக்கு அனுப்பும் பணம், தங்கையின் வீட்டுக் கூரைக்கு ஒப்புக்கொண்ட தொகை, மாதந்தோறும் கட்டும் சீட்டு, நண்பரிடம் வாங்கிய கைமாற்று, கொண்டாட்டங்களுக்குக் கொடுக்கும் மொய், நடன வகுப்பு, தமிழ்ப் பள்ளி ஆகியவற்றை ஒரு சராசரி அவுஸ்திரேலியக் குடும்பத்தின் செலவுப் பட்டியலில் தேடிக் காண முடியாது.

இது தொடர்பாக எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய ஒரு வழக்கு உண்டு. வெஸ்ட்பாக் வங்கி 2011 டிசம்பர் முதல் 2015 மார்ச் வரையிலான காலத்தில் தானியங்கி முறையில் வீட்டுக் கடன்களை மதிப்பிட்டபோது, விண்ணப்பதாரர் எழுதிக் கொடுத்த செலவுக்குப் பதிலாக, மெல்பேர்ன் நிறுவனம் தயாரித்த குடும்பச் செலவு அளவீட்டைப் பயன்படுத்தியது. சுமார் 260,000 கடன்கள் இதில் அடங்கின. பொறுப்பான கடன் வழங்கல் சட்டம் மீறப்பட்டது என்று, நிறுவனங்களைக் கண்காணிக்கும் அரச ஆணைக்குழுவாகிய அசிக் வழக்குத் தொடர்ந்தது. 2019 ஆகஸ்டில் நீதியரசர் பெரம் வழக்கைத் தள்ளுபடி செய்தார். கடன் எடுத்தவர் வேண்டுமானால் தனது ஆடம்பரச் செலவுகளைக் குறைத்துக்கொள்ளலாமே என்பது அத்தீர்ப்பின் வாதங்களில் ஒன்று. விலையுயர்ந்த மாட்டிறைச்சியையும் திராட்சை மதுவையும் அவர் உதாரணமாகச் சொன்னதால், இவ்வழக்கு அவற்றின் பெயராலேயே இன்றும் பேசப்படுகிறது. 2020 யூனில் மேன்முறையீட்டிலும் வங்கியே வென்றது.

இத்தீர்ப்பு சரியா பிழையா என்பது எமது பாடம் அல்ல. கணினி "ஆம்" என்று சொன்னதனால், எமது செலவுகளை அது நாம் வாழும் விதத்தில் நிறுத்துப் பார்த்துவிட்டது என்று கொள்ளக்கூடாது என்பதே பாடம். வேறொருவர் உணவகச் செலவைக் குறைக்கலாம். ஊரில் மருந்துக்குக் காத்திருக்கும் தாய்க்கு அனுப்பும் பணத்தை நாம் குறைப்போமா? குறைக்க மாட்டோம் என்றால் அது எமக்கு நிலையான செலவு. படிவத்திலும் எழுத வேண்டும், எமது சொந்தக் கணக்கிலும் எழுத வேண்டும். கடன் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று அதை மறைப்பவர் ஏமாற்றுவது வங்கியை மட்டுமல்ல, தன் குடும்பத்தையுந்தான்.

நான்காவது, ஏற்கனவே உள்ள கடன். பயன்படுத்தாத கடனட்டையின் எல்லைத் தொகையையும் கடனாகவே எடுத்துக்கொள்வார்கள். தேவையற்ற அட்டைகளை மூடிவிடுவது நல்லது. இன்னொன்று, வட்டியை ஒப்பிடும் ஆவலில் ஐந்தாறு தளங்களில் "விண்ணப்பிக்க" என்ற பொத்தானை அழுத்துவது. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் எமது கடன் வரலாற்றில் ஒரு விசாரணை பதியப்படலாம், அது ஐந்து ஆண்டுகள் அங்கே இருக்கும். தளத்திலுள்ள கணிப்பானைப் பயன்படுத்துவது வேறு, விண்ணப்பிப்பது வேறு. எமது கடன் அறிக்கையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை இலவசமாகப் பெறலாம். அதை முதலில் பார்த்துவிட்டு ஓர் இடத்தில் மட்டும் விண்ணப்பிப்பது நன்று.

4. வட்டிக் கணக்கு

இனிக் கணக்குக்கு வருவோம். 600,000 டொலர் கடன், 30 ஆண்டுகள், வட்டி 6 வீதம் என்று வைத்துக்கொள்வோம்.

மாதத் தவணை 3,597 டொலர். முப்பது ஆண்டில் கட்டும் மொத்தம் ஏறத்தாழ 1,295,000 டொலர். அதாவது வட்டி மட்டும் 695,000. முதலை விட வட்டி அதிகம்.

இதையே 25 ஆண்டில் கட்டினால் தவணை 3,866 டொலர், மொத்த வட்டி ஏறத்தாழ 560,000. மாதம் 269 டொலர் கூடுதலாகக் கட்டுவதால் 135,000 டொலர் மிச்சமாகிறது.

வட்டி ஏறினால் என்ன ஆகும்? வங்கிகளைக் கண்காணிக்கும் ஆப்ரா, 2021ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து, இன்றைய வட்டிக்கு மேல் இன்னும் 3 வீதம் சேர்த்துக் கணக்கிட்டே கடன் கொடுக்க வேண்டும் என்று வங்கிகளுக்கு விதித்தது. எமது உதாரணத்தில் 9 வீதம் என்று போட்டால் தவணை 4,828 டொலர். மாதம் 1,230 டொலர் கூடுதல். இது வெறும் கற்பனை அல்ல. 2022 மேயில் தொடங்கி 2023 நொவெம்பருக்குள் றிசேர்வ் வங்கி 13 தடவை வட்டியை உயர்த்தி, 0.10 வீதத்திலிருந்து 4.35 வீதத்துக்குக் கொண்டு சென்றது. 2025இல் மூன்று தடவை குறைத்தது. முப்பது ஆண்டுக் கடனில் இத்தகைய ஏற்ற இறக்கம் பலமுறை வரும். ஆகவே வீடு வாங்கும் முன் ஆறு மாதத்துக்கு, இன்றைய வாடகைக்கும் 9 வீதத் தவணைக்கும் உள்ள வித்தியாசத்தை மாதந்தோறும் தனிக் கணக்கில் போட்டுப் பாருங்கள். போட முடிந்தால் கடனைத் தாங்கலாம், முற்பணமும் வளரும். முடியாவிட்டால் விரலுக்குத் தக்க வீக்கம் எது என்பது தெரிந்துவிடும்.

அடுத்தது, கடன் மாற்றுதல். இணையத்தில் இது மிக எளிது என்பதனாலேயே கவனம் தேவை. மேலே சொன்ன கடனை ஐந்து ஆண்டு ஒழுங்காகக் கட்டியபின் மீதி 558,326 டொலர். கட்டியது 215,838, முதலில் குறைந்தது 41,674 மட்டுமே. இப்போது வேறொரு நிறுவனம் 5.75 வீதத்துக்குத் தருகிறது. புதிய 30 ஆண்டுக் கடனாக எடுத்தால் தவணை 3,258 டொலர். மாதம் 339 டொலர் மிச்சம் என்று மகிழ்வோம். ஆனால் கூட்டிப் பாருங்கள். பழைய கடனில் இனிக் கட்ட வேண்டியது 1,079,190 டொலர். புதியதில் கட்டப் போவது ஏறத்தாழ 1,172,970. வட்டிவீதம் குறைந்தும் 93,000 டொலருக்கு மேல் கூடுதல். காரணம், கழிந்த ஐந்து ஆண்டுகளை மீண்டும் சேர்த்துவிட்டோம். அதே 5.75 வீதத்தில் 25 ஆண்டுக்கு எடுத்தால் தவணை 3,512. மாதம் 85 டொலரும், மொத்தத்தில் ஏறத்தாழ 25,000 டொலரும் உண்மையாகவே மிஞ்சும். படிவத்தில் 30 என்ற எண் தானாக நிரப்பப்பட்டிருந்தால் அதை மாற்றிவிடலாம்.

விளம்பரத்தில் இரண்டு வீதங்கள் இருக்கும். இரண்டாவது, ஒப்பீட்டு வீதம், அதாவது கட்டணங்களையும் சேர்த்தது. ஆனால் அது 150,000 டொலர் கடன், 25 ஆண்டு என்ற அடிப்படையில் கணிக்கப்படுவது. எமது கடன் அதைவிடப் பெரிது என்பதால், ஆண்டுக் கட்டணம் எவ்வளவு, ஈடுசெய் கணக்கு உண்டா, மேலதிகமாகக் கட்டியதைத் திரும்ப எடுக்கலாமா என்பவற்றைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

5. முற்பணமும் முன் அனுமதியும்

விலையில் 20 வீதத்துக்குக் குறைவாக முற்பணம் இருந்தால் ஈட்டுக் காப்புறுதி கட்ட நேரும். இக்காப்புறுதி பாதுகாப்பது எம்மை அல்ல, கடன் கொடுத்தவரை. முதல் வீடு வாங்குவோருக்கு அரசின் 5 வீத முற்பணத் திட்டம் உண்டு. 2023 யூலையிலிருந்து நிரந்தர வதிவிட உரிமை உள்ளோரும் இதில் சேரலாம். 2025 ஒக்டோபர் 1 முதல் வருமான எல்லை நீக்கப்பட்டு, சிட்னியில் விலை எல்லை 1,500,000 டொலர் ஆக்கப்பட்டது. இதில் அரசு பிணை நிற்கிறதே அன்றிக் கடனைக் கட்டுவதில்லை. 800,000 டொலர் வீட்டுக்கு 5 வீத முற்பணம் என்றால் கடன் 760,000, 6 வீதத்தில் தவணை 4,557 டொலர். 20 வீதம் என்றால் கடன் 640,000, தவணை 3,837 டொலர். சீக்கிரம் வாங்குவதற்கான விலை மாதம் 720 டொலர்.

உறவினர் தரும் முற்பணம் அன்பளிப்பா கடனா என்று வங்கி எழுத்தில் கேட்கும். திருப்பிக் கொடுக்க வேண்டிய பணத்தை அன்பளிப்பு என்று எழுதக்கூடாது. சீட்டு எடுத்த பணமும் திடீரென்று கணக்கில் விழுந்தால் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழும். குறைந்தது மூன்று மாதமாவது சேமிப்பில் இருந்த பணத்தையே பலர் சேமிப்பு என்று ஏற்கிறார்கள்.

சில நிமிடத்தில் கிடைக்கும் முன் அனுமதி, ஆவணங்கள் இன்னும் சரிபார்க்கப்படாத நிலையில் தரப்படுவதாக இருக்கலாம். அது வாக்குறுதி அல்ல. இம்மாநிலத்தில் சாதாரணமாக வீடு வாங்கும்போது ஐந்து வேலை நாள் மனம்மாறும் காலம் உண்டு. விலகினால் விலையில் 0.25 வீதம் இழப்பு. 800,000 டொலர் வீட்டுக்கு 2,000 டொலர். ஏலத்தில் வாங்கினால் அந்தக் காலம் கிடையாது. சுத்தியல் விழுந்தபின் கடன் மறுக்கப்பட்டால், வழமையான 10 வீத முற்பணம், அதாவது 80,000 டொலர், போய்விடக்கூடும். ஏலத்துக்குப் போகும் முன் உங்கள் ஆவணங்களை ஒரு மனிதர் பார்த்து மதிப்பிட்டாரா என்று கடன் கொடுப்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

6. மூத்தோரின் கையொப்பம்

இப்பகுதியைப் பிள்ளைகள் பெற்றோருக்கும், பெற்றோர் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது எமது வேண்டுகோள்.

பெற்றோரின் மின்னஞ்சலைப் பிள்ளைகளே திறந்து கொடுத்து, அவர்களே பார்ப்பது எம்மிடையே வழமை. மருத்துவருக்கான நேரம் எடுக்க அது உதவி. ஆனால் வீட்டுக் கடனில், அம்மாவின் பெயரில் வந்த இணைப்பை மகன் திறந்து, "இதில ஒருக்கா விரல் வையுங்கோ அம்மா" என்று சொன்னால், அந்த விரல் அடையாளத்தோடு அம்மா முப்பது ஆண்டுக் கடனுக்குப் பொறுப்பாகிவிடுகிறார். இலத்திரனியல் கையொப்பமும் கையொப்பமே.

ஊரில் நொத்தாரிசு முன் உறுதி முடித்த நினைவு மூத்தோருக்கு இருக்கும். அவர் உறுதியை வாசித்துக் காட்டி, சாட்சிகளை நிறுத்திய பின்னரே ஒப்பம் வைப்பார்கள். தொலைபேசித் திரையில் அந்த நிதானம் இல்லை. ஆகவே நாமே அதனை ஏற்படுத்த வேண்டும்.

கூட்டாகக் கடன் எடுப்பவர் ஒவ்வொருவரும் முழுக் கடனுக்கும் பொறுப்பு. பாதிக்குப் பாதி என்று எண்ண வேண்டாம். பிணை நிற்பவர் வீட்டின் ஒரு பங்கும் பெறாமலே தனது வீட்டை ஆபத்தில் வைக்கிறார். பிள்ளையின் மணவாழ்க்கை முறிந்தாலும், தொழில் விழுந்தாலும் பிணை நிற்கும். பிணை கொடுப்பதே தவறு என்று நாம் சொல்லவில்லை. கொடுத்துத்தான் பல பிள்ளைகள் இங்கே நிமிர்ந்திருக்கிறார்கள். ஆனால் பிணை ஒரு குறித்த தொகைக்கு மட்டுப்படுத்தப்பட்டதா, எப்போது விடுவிக்கப்படும் என்ற இரண்டையும் எழுத்தில் பெற வேண்டும். மூத்தவர் பிள்ளைகள் உடன் இல்லாமல், வேறொரு சட்டத்தரணியிடம், தமிழில் விளக்கம் கேட்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் சேவைக்கு 131 450 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். இதனைக் கேட்பது பிள்ளையில் நம்பிக்கை இல்லை என்பதாகாது. நல்ல பிள்ளை தானே கூட்டிச் சென்று வாசலில் இருக்கும்.

7. காவலும் உதவியும்

கடன் கொடுக்கும் நிறுவனத்துக்கோ தரகருக்கோ உரிமம் உண்டா என்பதை அசிக் தளத்தின் பதிவேட்டில் இலவசமாகப் பார்க்கலாம். வங்கிக் கடவுச்சொல்லை எந்தத் தளத்திலும் கொடுக்காதிருப்பதே நன்று. கணக்கு விபரத்தைக் கடவுச்சொல் இன்றிப் பகிரும் முறை 2020 முதல் சட்டப்படி இந்நாட்டில் உண்டு. இல்லாவிட்டால் விபரங்களை நாமே தரவிறக்கி அனுப்பலாம். முற்பணம் செலுத்த வேண்டிய கணக்கு மாறிவிட்டது என்று மின்னஞ்சல் வந்தால், நம்ப வேண்டாம். உங்களிடம் முன்னரே உள்ள தொலைபேசி இலக்கத்தில் சட்டத்தரணியை அழைத்து, கணக்கு இலக்கத்தை வாயால் சொல்லச் செய்து சரிபார்த்த பின்னரே பணம் அனுப்ப வேண்டும்.

கடன் எடுத்தபின் நோயோ வேலையிழப்போ வந்தால் ஒளித்திருக்க வேண்டாம். எமது சமூகத்தில் வெட்கத்தினால் கடனட்டையில் எடுத்துத் தவணை கட்டியவர்கள் உண்டு. கஷ்ட நிலையைத் தெரிவித்துத் தவணையை மாற்றிக் கேட்பது சட்டம் தந்த உரிமை. மேலதிக விபரம் தேவைப்படாவிடில் 21 நாளுக்குள் கடன் கொடுத்தவர் பதில் தர வேண்டும். பதில் திருப்தி இல்லையென்றால், 2018 நொவெம்பரில் தொடங்கிய ஆஃப்கா என்ற முறைப்பாட்டு அமைப்பிடம் கட்டணமின்றிச் செல்லலாம். தேசிய கடன் உதவித் தொலைபேசி இலக்கம் 1800 007 007. அதுவும் இலவசம்.

பயிற்சி

விண்ணப்பப் பொத்தானை அழுத்தும் முன், கணவன் மனைவி இருவரும் ஒரு தாளில் பின்வருவனவற்றைத் தமிழில் எழுதிப் பாருங்கள். உடன் கையொப்பமிடும் பெற்றோர் இருந்தால் அவர்களும் அருகில் இருக்கட்டும்.

(அ) எமது பெயர்கள் எல்லா ஆவணங்களிலும் ஒன்றாக உள்ளனவா?

(ஆ) ஊருக்கு அனுப்புவது, சீட்டு, கைமாற்று உட்பட மாதச் செலவு எவ்வளவு?

(இ) இன்றைய வட்டிக்கு மேல் 3 வீதம் ஏறினால் தவணை எவ்வளவு? அதை எங்கிருந்து கட்டுவோம்?

(ஈ) ஒருவரின் சம்பளம் நின்றால் எத்தனை மாதம் தாக்குப் பிடிப்போம்?

(உ) கடன் முடியும் ஆண்டில் எமக்கு எத்தனை வயது?

(ஊ) கையொப்பமிடும் ஒவ்வொருவரும் தாம் எதற்குப் பொறுப்பாகிறோம் என்பதைத் தம் வாயால் சொல்ல முடியுமா?

ஆறுக்கும் விடை எழுத முடிந்தால், படிவம் 22 நிமிடத்தில் முடிந்தாலும் குறையில்லை. ஏதாவது ஒன்றுக்கு விடை இல்லையென்றால், கணினியை மூடிவிட்டு அந்த விடையைத் தேடுங்கள். படிவம் நாளைக்கும் அங்கே இருக்கும்.

இக்கட்டுரை பொதுவான விளக்கம் மட்டுமே. ஒவ்வொரு குடும்பத்தின் நிலையும் வேறு. விசா நிலை நிரந்தரமாகாதோர் வீடு வாங்குவதற்குத் தனிச் சட்டங்கள் உண்டு. அவர்கள் ஒப்பந்தத்தில் கைவைக்கும் முன்னரே சட்டத்தரணியைக் காண வேண்டும்.